நிலவு ராக்கெட்டின் கறுப்புப் பட்டை

பல்செட் செய்யும் கூடத்தில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்தவளுக்குத் தெருவில் பல்லக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு நொடி யோசித்துத்தான் திரும்புவாள்.

பல் போனவர்களின் முகத்தை அவள் பார்த்ததில்லை. டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளில் வாயை மட்டும் அறிவாள். மெழுகில் ஈறு கட்டி, சிறு கத்தியால் இழைத்து, பல்லைப் பல்லாகப் பதிக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் பிசகினாலும், போட்டுக்கொள்கிறவர் சாப்பிடும்போது தன் கன்னத்தையே கடித்துக்கொள்வார்.

ராக்கெட் பைத்தியம் பிடித்தது ஒரு டாக்டரின் காத்திருப்பு அறையில். முடிந்த செட்டைக் கொடுக்கப் போன இடத்தில் அட்டை கிழிந்த பழைய பத்திரிகை ஒன்று கிடந்தது. நடுப்பக்கத்தில், நிலவுக்கு மனிதரைக் கொண்டுபோன ராக்கெட்டை வெட்டி ஒட்டிச் செய்வதற்கான படம். கேட்டு வாங்கிவந்து ஒரு வாரத்தில் ஒட்டி நிறுத்தினாள். ஒரு முழம் உயரம். அலமாரிக் கதவு மூடவில்லை. சின்னதாகச் செய்தால் போச்சு என்று அதே படத்தைக் கம்ப்யூட்டர் கடையில் சுருக்கி எடுத்தாள். சுருக்கச் சுருக்க ருசி கண்டுவிட்டது. கடைசியில் ஆயிரத்தில் ஒரு பங்கில் வந்து நின்றாள். அங்கே ஒரு மீட்டர் என்றால் அவள் மேசையில் ஒரு மில்லிமீட்டர். நூற்றுப் பத்து மீட்டர் ராக்கெட் பதினொரு சென்டிமீட்டராக நின்றது.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றிப் பார்த்தார்.

"இதுல யாரு போறது? எறும்பா?"

"எறும்பு கொள்ளாதுங்க. ஆள் உட்கார்ற கூண்டு நாலு மில்லிமீட்டர்தான்."

மறுநாள் அவர் வேலையிடத்தில் மிஞ்சிய கம்பித் துண்டுகளை விதவிதமான தடிமனில் கொண்டுவந்து கொடுத்தார். காகிதத்தைச் சுருட்டுவதற்கு அதைவிட நல்ல சாமான் அவளுக்குக் கிடைத்ததில்லை. கிண்டலையும் அவர் விடவில்லை, கம்பியையும் நிறுத்தவில்லை.

ஆறு வருடத்தில் முப்பத்தோரு ராக்கெட். முதல் மனிதனை விண்வெளிக்குக் கொண்டுபோனதற்கு நான்கு பக்கமும் கூம்பு ஒட்ட வேண்டும். ஒவ்வொரு கூம்பும் இரண்டு சென்டிமீட்டர்கூட இருக்காது. உலகப்போரில் குண்டு சுமந்து பறந்தது இருப்பதிலேயே குட்டி. இரண்டு அரிசியை நீளவாக்கில் வைத்தால் அதன் உயரம். அதைச் செய்யும்போது மூச்சை அடக்கிக்கொள்வாள்.

பொது நூலகத்தின் நூலகர் ஒருநாள் மேல்செட்டு வலிக்கிறது என்று டாக்டரைத் தாண்டி நேரே கூடத்துக்கே வந்துவிட்டார். அவள் உரசிச் சரிசெய்யும் வரை உட்கார இடமில்லாமல் நின்றவர் கண்ணில், மேசை ஓரத்து ராக்கெட்டுகள் பட்டன. அடுத்த மாதமே நூலக வாசலில் ஒரு கண்ணாடிப் பேழை வந்தது. தூசியும் விரலும் நுழையாதபடி தச்சர் நான்கு ஓரத்தையும் பசை போட்டு அடைத்தார். ஒரு பூதக்கண்ணாடியை நூலில் கட்டித் தொங்கவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பல்லக்கா போய், யாரோ போல ஓரமாக நின்று, வருகிறவர்கள் பேசுவதைக் காதில் வாங்கிக்கொள்வாள்.

அப்படிப் போன ஒரு ஞாயிறன்று அலமாரியிலிருந்து தடிமனான படப் புத்தகம் ஒன்றை உருவினாள். நிலவு ராக்கெட் நெருப்போடு கிளம்பும் படம். அடிப்பாகத்தின் நடுவே அவள் கறுப்புப் பட்டை போட்ட இடம் படத்தில் வெள்ளையாக இருந்தது. பக்கம் பக்கமாகப் புரட்டினாள். எல்லாம் வெள்ளை. ஒரு மூலையில் விவரம் இருந்தது. அந்தக் கறுப்பு, ஏவுதளத்தில் ஒத்திகைக்காக நிறுத்திய ராக்கெட்டுக்குத்தான். அது பறக்கவே இல்லை. பழைய பத்திரிகைக்காரன் அதைப் பார்த்து வரைந்திருக்கிறான், இவள் அவனை நம்பியிருக்கிறாள்.

நேரே நூலகரிடம் போனாள். "சார், பேழையைத் திறக்கணும்."

"எதுக்கும்மா?"

சொன்னாள். அவர் சிரித்துவிட்டார். "ஒரு கறுப்புக் கோடு. அது யாருக்கும்மா தெரியப்போகுது?"

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே சார்."

"அடைச்ச பேழையைத் திறக்கத் தலைமை அலுவலகம் அனுமதி தரணும். விட்டுத்தள்ளுங்க."

"உங்க மேல்செட்டு வலிச்சப்போ, வாய்க்குள்ள இருக்கிறது யாருக்குத் தெரியப்போகுதுன்னு நான் விட்டேனா?"

நூலகர் அன்றே தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. இரண்டாவது கடிதத்துக்கும் அதே பதில், தேதி மட்டும் வேறு.

அதற்குள் அவள் சரியான ராக்கெட்டைச் செய்து முடித்து, பல் வைக்கும் டப்பாவில் பஞ்சு போட்டுப் பத்திரப்படுத்தினாள். பார்வையாளர் புத்தகத்தில் யாரோ எழுதியிருந்தார்: 'எல்லாமே அருமை. குறிப்பாக நிலவு ராக்கெட், அச்சு அசல்!' அந்த 'அச்சு அசல்' அவளைப் படுத்தி எடுத்தது. வீட்டில் இரண்டு நாள் குழம்பில் உப்பில்லை. கணவர் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

மூன்றாம் நாள் ஒரு சீட்டு எழுதிக்கொண்டு போனாள். 'நடுவில் நிற்கும் பெரிய ராக்கெட்டின் அடிப்பாகத்தில் உள்ள நடுப்பட்டை தவறு. அது வெள்ளையாக இருக்க வேண்டும். மன்னிக்கவும். – செய்தவள்.'

"உங்களை நீங்களே காட்டிக்கொடுக்கணுமா?" என்றார் நூலகர்.

"கண்ணாடிக்கு வெளியிலதானே ஒட்டறேன். அதுக்கும் அனுமதி வேணுமா?"

ஒட்டினாள். ஒரு வாரம் கழித்துப் போனால் பேழையைச் சுற்றிக் கூட்டம். முன்பு ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்தவர்கள், இப்போது தவறு எங்கே என்று பூதக்கண்ணாடிக்கு முறை வைத்து நின்றார்கள். வேறு ராக்கெட்டுகளிலும் தவறு இருக்கிறதா என்று படப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே சிலர் ஒப்பிட்டார்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு தவறைச் சொன்னார்கள். அதில் ஒன்று சரி. பல்லக்கா அதையும் குறித்துக்கொண்டாள்.

முதல் கடிதம் போய் எட்டாம் மாதம் அனுமதி வந்தது. கணவர் விடுப்புப் போட்டுவிட்டு வந்து, நூலகர் பக்கத்தில் நிற்க, தகடு போன்ற கத்தியால் பசையைச் சீவினார். கண்ணாடியைத் தூக்கியதும் காற்று புகுந்தது. குட்டிகள் நாலைந்து சாய்ந்தன. போர்க்கால ராக்கெட்டைக் காணோம்.

"அசையாதீங்க!" என்றாள். மூவரும் தரையில் மண்டியிட்டு, செல்போன் வெளிச்சத்தில் தரைக்கல் ஒவ்வொன்றாகத் தேடினார்கள். முக்கால் மணி நேரம். கிடைக்கவில்லை. யார் செருப்போடு எங்கே போனதோ.

"நான்தான் வேகமாத் தூக்கிட்டேன்" என்றார் கணவர். அவர் முகம் சுண்டிப்போயிருந்தது.

"விடுங்க, அது ரெண்டு நாள் வேலை" என்று அவள் பெரியதை மாற்றினாள். சாய்ந்தவற்றை நிமிர்த்தி, பார்வையாளர் சரியாகச் சொன்ன அந்த இன்னொரு ராக்கெட்டின் இறக்கையையும் மாற்றினாள். சீட்டைத் தண்ணீர் தொட்டு உரித்தாள். கழற்றிய ராக்கெட்டை நூலகர் கேட்டார், கொடுத்துவிட்டாள். அதை அவர் மேசையில் பேனாக்களோடு வைத்திருக்கிறார்.

இப்போது மதிய இடைவேளைகளில் வேறொன்று நடக்கிறது. நிலவுக்கு முந்திப் போகவென்று போட்டி நாடு கட்டி, நான்கு முறை ஏவியும் நான்கு முறையும் தோற்ற ராக்கெட் அது. அடியில் மட்டும் முப்பது எஞ்சின். ஒரு விரல் அகலத்துக்குள் முப்பது காகிதக் குழல்கள் அடங்க வேண்டும். பல்லக்கா ஒரு நாளைக்கு ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு சுருட்டுகிறாள். இதுவரை இருபத்திரண்டு ஆகியிருக்கிறது.