அவர் வீட்டு மீட்டர் அட்டை

கரண்டு ஆபீசில் ரீடிங் எடுக்கும் வேலை எனக்கு. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வீடு வீடாகப் போக வேண்டும். மீட்டரைப் பார்த்து, பக்கத்தில் ஆணியில் தொங்கும் வெள்ளை அட்டையில் எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான். கே.கே. நகரும் அதைச் சுற்றிய தெருக்களும் என் ரவுண்டு. ஒரு வீட்டின் எண்ணை இன்னொரு வீட்டில் சொல்வதில்லை. அதற்குச் சட்டம் இருந்ததா என்று தெரியாது. சொன்னால் அடுத்த முறை எவனும் கேட்டைத் திறக்க மாட்டான், அதனால் சொல்வதில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் மழை ஏமாற்றிய ஒரு வருடம். வைகையில் மணல் மட்டும் கிடந்தது. அணைகளில் தண்ணீர் இல்லை, அதனால் கரண்டும் இல்லை. பகலில் ஒரு நேரம், சாயங்காலம் ஒரு நேரம் என்று தெருவுக்குத் தெரு நிறுத்தினார்கள். நான் போகிற வீடுகளில் எல்லாம் என்னைத்தான் திட்டினார்கள். என்னவோ கரண்டை நான் பைக்குள் போட்டுக்கொண்டு அலைகிற மாதிரி. நானும் பதிலுக்குத் திட்டுவேன். எனக்குப் பொறுமை கிடையாது.

அந்த வருடம்தான் அவர் கூட்டம் போட்டார். அவர் எங்கள் பக்கத்தில் பெயர் பெற்ற கட்சிக்காரர். பதவியிலும் இருந்தார். என்ன பதவி என்று எழுதினால் யாரென்று தெரிந்துவிடும், வேண்டாம். மேடையில் அவர் மற்றவர்கள் மாதிரி எதிர்க்கட்சியைத் திட்டவில்லை. மரத்தைப் பற்றிப் பேசினார், மழையைப் பற்றிப் பேசினார்.

"மரத்த வெட்டுனோம், மழை போச்சு. மழை போச்சு, கரண்டு போச்சு. இப்ப இருக்குற கொஞ்சத்தையும் டவுன்ல இருக்குற நாமளே எரிச்சுட்டா எப்படி? நீ ஒரு ஃபேனை நிப்பாட்டுனா திருவாதவூர்ல ஒருத்தன் கெணத்துல மோட்டார் ஓடும்யா!"

சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து தன் வீட்டு மீட்டர் அட்டையை எடுத்து விரித்துக் காட்டினார். பெரிய வீடு, எண் சின்னது. கூட்டத்தில் நின்ற என்னைப் பார்த்துவிட்டார்.

"இந்தா, ரீடிங் எடுத்த தம்பியே இங்க நிக்கிறாரு. மேல வாங்க தம்பி. இது நீங்க எழுதுனதுதான?"

மேடையேறிப் பார்த்தேன். என் கையெழுத்துதான். "ஆமா, நான் எழுதுனதுதான்" என்று மைக்கில் சொன்னேன். கை தட்டினார்கள். அதற்கு முன்னும் பின்னும் எனக்கு யாரும் கை தட்டியதில்லை. கோடை முடிகிற வரைக்கும் வீட்டில் ஃபேன் போட மாட்டோம் என்று எல்லோரையும் கையைத் தூக்கச் சொன்னார். முதலில் தூக்கியது நான்.

நான் எதையும் பாதியில் செய்கிறவன் இல்லை. அன்றைக்கே வீட்டுக்கு வந்து டேபிள் ஃபேனின் பிளக்கை வெட்டி எறிந்தேன். ஃபேனைச் சாக்கில் சுற்றிப் பரணில் போட்டேன். நாங்கள் குடியிருந்தது ஒரு வீட்டு மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை. மதியம் அந்தக் கூரை எப்படிக் கொதிக்கும் என்று எனக்குத் தெரியாது. மதியம் நான் ரவுண்டில் இருப்பேன். தெரிந்தவள் என் மனைவி. அவளுக்கு அப்போது ஏழாவது மாதம்.

பத்து நாள் அவள் ஒன்றும் சொல்லவில்லை. பதினோராம் நாள் சாதம் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அவரு வீட்டுக்குள்ள போய்ப் பாத்தீங்களா?"

"மீட்டரு வராண்டாவுல இருக்கு. உள்ள எதுக்குப் போகணும்? அதான் நம்பரு இருக்குல்ல."

"நம்பரு கெடக்கட்டும். மீட்டரு நின்னு போயிருந்தா? மீட்டருக்கு வெளிய வயரு இழுத்திருந்தா? நீங்கதான அதெல்லாம் நடக்கும்னு சொல்வீங்க?"

நான்தான் சொல்லியிருந்தேன். சமயநல்லூர் பக்கம் வேலை பார்த்தபோது அப்படி இரண்டு இடத்தில் பிடித்திருக்கிறேன்.

"அந்த வீட்டுப் பொம்பளை ஃபேன் இல்லாம உக்காந்திருந்தா நானும் உக்காந்திருக்கேன். வாயே தொறக்க மாட்டேன். அங்க ஃபேன் ஓடுச்சுன்னா நம்ம ஃபேனை எறக்கிருங்க. அம்புட்டுதான்."

நியாயமான பேச்சு. எனக்குக் கோபம் வந்தது. அவள் மேலா, அவர் மேலா என்று தெரியவில்லை.

மறுநாள் மதியம் ரீடிங் நாள் இல்லாமலே அந்த வீட்டுக்குப் போனேன். மீட்டருக்குள் இருக்கும் வட்டத் தகடு அசைகிறதா என்று பார்த்தேன். அசையவில்லை. மாட்டினான் என்று நினைத்தேன். சந்தோஷமாக இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கதவைத் தட்டினேன்.

அவர் மனைவி வந்தார். ஐம்பது வயது இருக்கும். கையில் பனையோலை விசிறி. கழுத்திலும் கையிலும் வேர்க்குரு சிவந்து கிடந்தது.

"மீட்டரு ஓடல. சோதிக்கணும்" என்றேன். "உள்ள போய் லைட்டு, ஃபேனு எல்லாத்தையும் போடுங்க."

"ஃபேனையுமா?"

"எல்லாத்தையும்."

"நெசமாத்தான் சொல்றீங்களா தம்பி? ஆபீஸ்ல இருந்து சொல்லித்தான?"

உள்ளே போய்ச் சுவிட்சுகளைப் போட்டார். தகடு சுற்ற ஆரம்பித்தது. கைக்கடிகாரத்தை வைத்துச் சுற்றுகளை எண்ணினேன். போட்ட விளக்குகளுக்கும் ஃபேன்களுக்கும் எவ்வளவு வேகத்தில் சுற்ற வேண்டுமோ அவ்வளவு வேகத்தில் சுற்றியது. மேலே வந்த வயரைக் கம்பத்திலிருந்து சுவர் வரைக்கும் பார்த்தேன். எங்கும் திருட்டு இல்லை. மீட்டர் சுத்தம். முதலில் தகடு நின்றிருந்ததற்குக் காரணம், அந்த வீட்டில் எதுவுமே ஓடவில்லை.

"போதும், நிப்பாட்டிக்கங்க" என்று குரல் கொடுத்தேன்.

தகடு நிற்கவில்லை. எட்டிப் பார்த்தேன். கூடத்தில் ஃபேனுக்கு நேர் கீழே தரையில் உட்கார்ந்து, முந்தானையைக் கழுத்திலிருந்து விலக்கி, கண்ணை மூடியிருந்தார்.

"அக்கா, சோதிச்சாச்சு."

"இன்னும் கொஞ்ச நேரம் சோதிங்க தம்பி" என்றார், கண்ணைத் திறக்காமலே. "அரைகொறையா சோதிச்சுட்டுப் போகாதீங்க."

வராண்டாவில் நின்று, ஏற்கெனவே எண்ணிய சுற்றுகளை மறுபடியும் எண்ணினேன். அரை மணி நேரம் இருக்கும். அதற்குள் அவரே பேசினார்.

"மத்தியானம் ஒரு மணி நேரம் போட்டா என்ன ஆயிரப் போகுதுன்னு கேட்டேன். அட்டையில ஏறிரும்னுட்டாரு. ஊருக்கெல்லாம் காட்டுற அட்டையாம்."

"அவருக்கு வேர்க்காதா?"

"அவரு எங்க இங்க இருக்காரு? சனம் வந்து பாக்குறதுக்கு வசதியா இருக்கணும்னு டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் கட்சிக்காரரு ஒருத்தரு லாட்ஜ்ல ரூம் குடுத்திருக்காரு. பொழுதன்னைக்கும் அங்கதான். படுக்கையும் அங்கதான். ஏசி ரூமுன்னு டிரைவர் சொன்னான். நான் பாத்ததில்ல."

அந்த லாட்ஜ் என் ரவுண்டு இல்லை. என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர், பழைய டவுனில் பிறந்து வளர்ந்த பாய், அவர் ரவுண்டு அது. ஆபீசில் அவரைப் பிடித்துக் கேட்டேன்.

"அந்த லாட்ஜா? மீட்டரு பம்பரமாட்டம் சுத்தும் மாப்ள. ஏன்?"

"அதுல நம்ம ஆளு ரூமுக்கு எம்புட்டு?"

"ரூமுக்கு ரூம் மீட்டரா வச்சிருக்கான்? மொத்தத்துக்கும் ஒண்ணுதான். அதுல எது அவரு, எது ஊட்டிக்குப் போற வழியில தங்குறவன்னு நான் எப்படிச் சொல்ல?"

எனக்கு மண்டை காய்ந்தது. வீட்டில் அவர் கரண்டு எடுக்கவில்லை. அது உண்மை. நானே சோதித்த உண்மை. வீட்டுக்கு வெளியே எடுக்கிறார். அதுவும் உண்மை. ஆனால் அது எந்த அட்டையிலும் அவர் பெயரில் ஏறவில்லை. அப்படியானால் நான் மேடையில் சொன்னது உண்மையா பொய்யா? இதை அவரிடமே கேட்டுவிடுவது என்று லாட்ஜுக்குக் கிளம்பினேன். பாய் என் கையைப் பிடித்தார். "ராமநாதபுரத்துக்கு மாத்தி விட்ருவாங்க மாப்ள, வேணாம்." நான் கேட்கவில்லை.

மாடியில் கடைசி அறை. கதவைத் திறந்ததும் சில்லென்று முகத்தில் அடித்தது. மனு கொடுக்க வந்த ஏழெட்டுப் பேர் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். குளிரில் ஒரு பெரியவர் துண்டைப் போர்த்தியிருந்தார். நாற்காலியில் இருந்த கட்சிக்காரர் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"வாங்க தம்பி வாங்க! என் வீட்டு மீட்டரு எப்படி ஓடுது?"

"மீட்டரு ஒழுங்காத்தான் இருக்கு. உங்க வீட்டம்மாவுக்குத்தான் கழுத்தெல்லாம் வேர்க்குரு. இந்த ஏசி எந்த அட்டையில ஏறுதுண்ணே?"

மனு கொடுக்க வந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். படவில்லை. அவர் முகத்தில் இருந்தது குழப்பம். நடிப்பாக எனக்குத் தெரியவில்லை.

"இது என் ரூம் இல்லையேப்பா. நான் எந்திரிச்சுப் போனா இன்னொருத்தன் வருவான். இது பாட்டுக்கு ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். நான் போடச் சொன்னேனா? வந்தேன், ஓடிக்கிட்டிருந்துச்சு." சொல்லிவிட்டு, "வேர்க்குருவா? அவ எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்றார்.

"நீங்க வீட்ல இருந்தாத்தான சொல்லுவாங்க?"

அவர் பேச்சை என் பக்கம் திருப்பினார்.

"நீங்களும் அன்னைக்குக் கையைத் தூக்குனீங்களே. நிப்பாட்டிட்டீங்களா?"

"பிளக்கை வெட்டிப் பரண்ல போட்டுட்டேன்."

"வீட்ல யாரு இருக்கா?"

"என் சம்சாரம். ஏழு மாசம்."

அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "அடப்பாவி! மாசமா இருக்குற புள்ளைக்கா ஃபேனை நிப்பாட்டுன? உனக்கு மனுசத்தனம் இருக்கா? நான் அப்படியாய்யா சொன்னேன்?"

துண்டு போர்த்தியிருந்த பெரியவர், "வயித்துப் புள்ளைக்காரிய வெந்து சாகச் சொல்லியா தலைவரு பேசுனாரு? கூறுகெட்ட ஆளா இருக்கியே" என்றார். இன்னொருவர் தலையில் அடித்துக்கொண்டார். எல்லோரும் சேர்ந்து என்னைத் திட்டினார்கள். அந்தக் குளிரில் எனக்கு வேர்த்தது.

கேட்கப் போனவன் நான். திட்டு வாங்கி வெளியே வந்தவனும் நான். படியிறங்கும்போது அவரை இரண்டு கெட்ட வார்த்தை சொன்னேன். ஆனால் அவர் சொன்னதில் எது தப்பு என்று யோசித்தால் ஒன்றும் பிடிபடவில்லை. மேடையில் அவர் 'எல்லோரும்' என்றுதான் சொன்னார். மாசமாக இருப்பவர்கள் தவிர என்று சொல்லவில்லை. ஆனால் அதைக்கூடச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா ஒரு மனுசனுக்கு? இரண்டு பக்கமும் சரியாக இருந்தது, இரண்டு பக்கமும் எரிச்சலாக இருந்தது.

என்னை ராமநாதபுரத்துக்கு மாற்றவில்லை. அடுத்த முறை ரீடிங் எடுக்கப் போனபோது அந்த வீட்டு எண் நன்றாக ஏறியிருந்தது. உள்ளே ஃபேன் ஓடும் சத்தமும் கேட்டது. எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பிறகு நடந்த கூட்டத்தில் அவர் அட்டையை எடுக்கவில்லை. மரத்தைப் பற்றி மட்டும் பேசி, ஆளுக்கு ஒரு வேப்பங்கன்று கொடுத்தார். மனைவிக்காக அட்டையை விட்டுக்கொடுத்தாரா, மாட்டிக்கொண்டோம் என்று ஒளித்தாரா? இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. கை தட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் கன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கன்று கையில் இருந்தது ஒரு வசதி.

அது பிறகு. லாட்ஜிலிருந்து வந்த அன்று சாயங்காலம் நேராகப் பரணில் ஏறினேன். சாக்கைப் பிரித்து ஃபேனை இறக்கினேன். பிளக் இல்லை, வெட்டி எறிந்தவன் நான்தானே. இரண்டு வயரையும் பிளக் பாயின்ட்டில் நேரே செருகித் தீக்குச்சியால் இறுக்கினேன். ஊருக்கெல்லாம் அப்படிச் செய்யாதே என்று சத்தம் போடுகிற வேலை என்னுடையது.

கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி கேட்டாள்.

"அப்ப அவரு வீட்ல ஃபேன் ஓடுதா?"

"இல்ல. ஓடல. அந்தம்மா வேர்த்துப்போய் உக்காந்திருக்கு."

"பெறகு ஏன் எறக்குறீங்க? நான் சொன்ன பேச்சு வேறயாச்சே."

அவள் சொன்ன பேச்சுப்படி ஃபேன் பரணில்தான் இருக்க வேண்டும். தீக்குச்சியை இன்னொரு முறை அழுத்தினேன்.

"நான் சோதிக்கணும்னு சொன்னப்ப மட்டும் போட்டாங்க" என்றேன்.

"எம்புட்டு நேரம்?"

"அரை மணி இருக்கும்."

"மீட்டரு பாக்க அம்புட்டு நேரமா ஆகும்?"

"ஆகாது."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் சுவிட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றவில்லை. எங்கள் தெருவுக்குக் கரண்டு நிறுத்துகிற நேரம் அது. எந்தத் தெருவுக்கு எப்போது நிற்கும் என்று எனக்கு மனப்பாடம். அன்றைக்கு அது எனக்கே மறந்துவிட்டது. பதினோரு நாளுக்குப் பிறகு அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நகர்ந்து வந்து, நின்றுகொண்டிருந்த ஃபேனுக்கு நேரே உட்கார்ந்தாள்.

"வரட்டும்" என்றாள். "வந்ததும் நம்ம வீட்டு மீட்டரையும் நல்லா சோதிங்க. விடிய விடிய சோதிங்க."