ராஜாமணியக்கா தைத்த தலையணை

என் மகள் போன வாரம் கடையிலிருந்து இரண்டு ரப்பர் தலையணை வாங்கி வந்தாள். கழுத்து வலிக்கு நல்லதாம். டாக்டர் சொன்னாராம். பழையதைக் குப்பை வண்டியில் போடுவதற்காக வாசலில் வைத்திருந்தாள். அதன் ஓரம் எங்கோ பிரிந்திருக்க வேண்டும். காற்றில் ஒரு பிசிறு இலவம்பஞ்சு எழுந்து, என் மூக்குக் கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொண்டது. இந்த வயதில் எதற்கும் கண் கலங்கிவிடுகிறது, அதை விடுங்கள். ஆனால் அன்று கலங்கியதற்குக் காரணம் இருந்தது.

திருவண்ணாமலையில் எனக்கு முதல் வேலை. பெண்கள் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். வேலூரிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு பித்தளைக் குடமுமாக பஸ்ஸை விட்டு இறங்கினேன். இருபத்திரண்டு வயது. உலகத்தைத் திருத்தப் புறப்பட்டவள் மாதிரி ஒரு நடை வேறு. தேரடித் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இடம் கிடைத்தது. ஒரே வாசல், எட்டுக் குடித்தனம், நடுவில் முற்றம், முற்றத்தில் ஒரு கிணறு. படுத்துக்கொண்டு கையை நீட்டினால் பக்கத்து வீட்டுச் சட்டி பானை இடிக்கும். ஒரு வீட்டில் மீன் குழம்பு கொதித்தால் எட்டு வீட்டிலும் கூட ஒரு பிடி சோறு செலவாகும்.

எனக்கு அடுத்த அறையில்தான் ராஜாமணியக்கா. இலவம்பஞ்சு வாங்கி, கொட்டை நீக்கி, குச்சியால் அடித்து, மெத்தையும் தலையணையும் தைப்பார். சத்திரங்களிலிருந்து ஆள் வந்து எடுத்துப் போவார்கள். நல்ல உயரம், கொஞ்சம் கட்டைக் குரல். பஞ்சு தொண்டையில் ஏறி ஏறி இப்படி ஆகிவிட்டது என்பார். கை நிறையக் கண்ணாடி வளையல், நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம். புருஷன் மிலிட்டரியில் இருப்பதாகச் சொல்லியிருந்தார். லீவில் கூட வராத மனிதர் என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து அந்தப் புருஷனைத் திட்டுவோம். அக்காவும் எங்களோடு சேர்ந்து திட்டுவார்.

வந்த புதிதில் எனக்கு உலை வைக்கவே வராது. அரிசி ஒரு பக்கம் வேகும், ஒரு பக்கம் விறைக்கும். "பாடம் நடத்தத் தெரியுது, பானை வெக்கத் தெரியலியே டீச்சர்" என்று சிரித்துக்கொண்டே கிண்ணத்தில் குழம்பு கொண்டுவந்து வைப்பார். கைம்மாறாக நான் செய்தது ஒன்றுதான். எட்டுக் குடித்தனத்துக்கும் வரும் கடிதங்களை நான்தான் படித்துச் சொல்வேன். போஸ்ட்மேன் நேராக என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். நான் படித்ததுதான் வேதம். அக்காவுக்கு மட்டும் ஒரு கடிதமும் வந்ததில்லை.

ஒருமுறை அக்காவோடு சந்தைக்குப் போனேன். புளி வாங்கிக்கொண்டிருந்தபோது மூன்று பேர் கைதட்டிக்கொண்டு வந்தார்கள். இன்று அவர்களைத் திருநங்கை என்கிறோம். அன்று எங்கள் வாயில் வந்த சொல்லை இங்கே எழுதக் கை கூசுகிறது. நான் புளிக்கூடைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். மூவரில் மூத்தவர், பழுத்த பழம், அக்காவிடம் வந்து கை நீட்டினார். அக்கா காசு கொடுத்தார். அந்த அம்மாள் அக்காவின் தலையில் கை வைத்து, "மவராசியா இரு" என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்கு நகர்ந்தார். கை கொஞ்சம் ஜாஸ்தி நேரம் தலையில் இருந்த மாதிரி பட்டது.

"பயமா இல்லியாக்கா?" என்று கேட்டேன்.

"இன்னா பயம்? அவங்களும் பொழைக்கணும்ல" என்று சொல்லிப் புளியை முகர்ந்து பார்த்தார். புளி நாரும் கொட்டையுமாக இருந்தது, வாங்கவில்லை.

பிறகு சீனாக்காரன் சண்டை வந்தது. முனையிலிருந்த டீக்கடை ரேடியோவைச் சுற்றி எப்போதும் கூட்டம். எல்லோரும் அக்காவைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். ஐப்பசி அடைமழை. ஒருநாள் அக்கா கதவைப் பூட்டிக்கொண்டு எங்கோ போனார். மறுநாள் மத்தியானம் நனைந்துகொண்டே திரும்பி வந்தார். வெள்ளைச் சேலை. நெற்றி வெறும் நெற்றி. இரண்டு மணிக்கட்டிலும் வளையல் இல்லை, கீறல்தான் இருந்தது.

முற்றத்தில் இருந்த அத்தனை பெண்களும் ஓவென்று கத்திவிட்டார்கள். வீட்டுக்கார அம்மா ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டார். "ஐயோ, போய்ட்டானாடீ உன் புருஷன்! தந்தி வந்துச்சா?" அக்கா அந்த அம்மாவின் தோளில் முகத்தை வைத்து அப்படி அழுதார். அது பொய் அழுகை இல்லை. யாருக்காக என்பதுதான் எங்களுக்குத் தெரியாது.

வீட்டுக்கார அம்மா நல்ல மனுஷி. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். நல்லவர்கள் செய்ததுதான் எல்லாம். "அநாதையாட்டம் தனியா வளையல ஒடச்சிக்கினு வந்து நிக்கிறா. எட்டுக் குடித்தனம் எதுக்குக் கீறோம்? பத்தாம் நாளு நாமளே முறைப்படி செஞ்சி வுடணும்" என்று சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்து முறை உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. தாலியறுக்கிற நாளில் மஞ்சள் பூசி, புதுவளையல் போட்டு, பூ வைத்து, பிறகு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பெண்கள் சூழ்ந்து நின்று தலையில் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டிக் கோடிச் சேலை கட்டுவார்கள். கிணற்றடியில், பட்டப்பகலில். அக்கா வேண்டாம் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். துக்கத்தில் சொல்கிறாள் என்று யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கோடிச் சேலைகூட வாங்கிவிட்டார்கள்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் அக்கா என் அறைக்கு வந்தார். கையில் ஒரு தலையணை, நீலக் கோடு போட்ட துணி. எனக்கென்று தைத்ததாம். கதவைச் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"டீச்சர், அன்னிக்கு சந்தையில என் தலமேல கை வெச்சாங்களே, அவங்கதான் எங்கம்மா. அவங்கதான் செத்துப் போனாங்க."

எனக்குப் புரியவில்லை. புரிந்தபோது என் உடம்பு தானாகவே சுவர்ப்பக்கம் நகர்ந்தது. அக்கா அதைப் பார்த்தார், பார்க்காத மாதிரி பேசினார்.

ஏரிக்கரைக் குடிசைகளில் அவர்கள் பதினைந்து இருபது பேர். பெற்றவர்கள் துரத்திய பிள்ளையை அந்த அம்மாள்தான் அவர்கள் முறைப்படி பால் ஊற்றி மகளாக எடுத்துக்கொண்டார். ராஜாமணி என்ற பெயர் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்தும் என்பதால் மாற்றக்கூட வேண்டியிருக்கவில்லை. ஆனால் கூட்டத்தோடு கடைகடையாகப் போக இவருக்கு முடியவில்லை. அம்மாள் கோபிக்கவில்லை. "நீ தட்ட வேணாம், கேக்க வேணாம். ஊருக்குள்ள போயி உன் இஷ்டத்துக்குப் பொழ. வழியில பாத்தா உன்னத் தெரிஞ்ச மாதிரி நாங்க யாரும் காட்டிக்க மாட்டோம். நான் செத்தா மட்டும் வந்து வளையல ஒட" என்றாராம். தாய் செத்தால் மகள் வளையல் உடைத்து நாற்பது நாள் வெள்ளை கட்டுவது அவர்கள் வழக்கம். எங்கள் வழக்கத்தில் பெண் வளையல் உடைப்பது ஒரே ஒருவனுக்குத்தான். நாங்கள் எங்கள் கணக்கில் அழுதோம், அக்கா அவர் கணக்கில் அழுதார்.

"அங்கியே போயிடக் கூடாதாக்கா?" என்றேன்.

"அவங்க என் ஜனந்தான் டீச்சர். நல்லது கெட்டதுக்குப் போவேன். அதுக்காவ தெனமும் கல்யாண வூட்லயே குந்திகினு இருக்க முடியுமா? கை தட்றது தப்புனு சொல்லல. எனக்கு வராது. எனக்கு இந்த ரூமு, இந்தப் பஞ்சு, சாயந்தரம் உங்களோட நாலு வார்த்த. இது போதும்."

பிறகு கேட்க வந்ததைக் கேட்டார். "வூட்டுக்காரரு உசிரோட கீறாருனு லெட்டர் வந்துச்சுனு ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க படிச்சா எல்லாரும் நம்புவாங்க. நாளைக்கு என்னக் கெணத்தடிக்குக் கூப்பிட மாட்டாங்க."

ஒரு காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு வரி சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"பாக்கலாம்க்கா" என்றேன்.

பாக்கலாம் என்ற சொல்லைப்போலக் கேவலமான சொல் நம் பாஷையில் இல்லை. அக்கா அதை நம்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். அவர் போனதும் நான் நினைத்தது என்ன தெரியுமா? இத்தனை நாள் இவர் கையால் குழம்பு வாங்கித் தின்றோமே என்பதுதான். பிறகு பயம் வந்தது. பொய் வெளிப்பட்டால் டீச்சர் பெயர் என்னாவது, வேலை என்னாவது? மறுநாள் விடிந்ததும் ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஸ்பெஷல் கிளாஸ் வைக்கிற பள்ளிக்கூடமே அல்ல அது. அக்கா கதவிடுக்கில் நின்று நான் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் சந்து முனையிலேயே பஞ்சு பறந்தது. முற்றம் முழுக்க வெள்ளை. மூட்டைகளைக் கிழித்து எறிந்திருந்தார்கள். மழை ஈரத்தில் பஞ்சு சேறோடு சேறாக ஒட்டிக் கிடந்தது. அக்காவின் கதவு ஒரு கீலில் தொங்கியது. கதவைத் தாழிட்டுக்கொண்டு வரமாட்டேன் என்றாராம். துக்கத்தில் எதையாவது செய்துகொள்வாளோ என்று பயந்துதான் கதவை உடைத்திருக்கிறார்கள். மிச்சத்தை யாரும் முழுசாகச் சொல்லவில்லை. கிணற்றடிக்கு இழுத்துப்போய்த் தண்ணீர் ஊற்றினார்கள். பிறகு ஆண்களைக் கூப்பிட்டார்கள். ஈரச் சேலையோடு தெருவில் அடித்துத் துரத்தினார்கள். கிணற்றடிக் கல்லில் ரத்தம் இருந்தது. அதன்மேல் யாரோ சாணம் கரைத்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கார அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "கட்டிகினு அழுதேனே டீச்சர்! உனக்காவது தெரியுமா?"

"தெரியாதுங்க" என்றேன்.

கிணறு தீட்டாகிவிட்டதென்று எட்டுக் குடித்தனமும் சேர்ந்து இறைத்தோம். இறைத்தார்கள் என்று எழுதத்தான் ஆசை. நானும்தான் கயிறு பிடித்தேன், உள்ளங்கை தோல் உரிகிறவரை.

அடுத்த வருஷம் தீபத்தன்று கூட வேலை பார்த்த டீச்சரோடு கடைத்தெருவில் அகல் வாங்கிக்கொண்டிருந்தேன். ஊர் கொள்ளாத கூட்டம், எங்கு பார்த்தாலும் அரோகரா. அதற்குள் அந்தக் கைதட்டல் கேட்டது. நான்கு பேர். மூன்றாவதாக வந்தவருக்கு நல்ல உயரம், புருவத்தில் ஒரு தழும்பு, கை நிறைய வளையல். நன்றாகவே தட்டினார். கடைக்காரன் எரிச்சலோடு காசை வீசினான். குனிந்து பொறுக்கிக்கொண்டார்.

என் முன்னால் வந்து கை நீட்டினார். எனக்குப் பர்ஸைத் திறக்க வரவில்லை. கடைசியில் எதையோ எடுத்து வைத்தேன். "எப்டிக் கீறீங்க டீச்சர்" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே காலில் விழுந்திருப்பேன். கேட்கவில்லை. முகத்தில் ஒன்றுமில்லை. என் தலையில் கை வைத்து, "மவராசியா இரும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்கு நகர்ந்தார்.

"உன்னத் தெரியுமா இன்னா? அப்படிப் பாத்துது" என்றாள் கூட வந்தவள்.

"இல்லியே" என்றேன்.

அதற்குப் பிறகு நான் மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சில வருஷங்களுக்கு முன் போனபோது அந்தச் சந்தே இல்லை. வீடு இருந்த இடத்தில் நாலு மாடி லாட்ஜ், கிணறு இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். ஏரிக்கரைக் குடிசைகள் எங்கே போயின என்று டீக்கடையில் கேட்டேன். அப்படி ஒன்று இருந்ததே தெரியாது என்றார்கள். மேடையில் மரியாதையாகப் பேச இப்போது சொல் இருக்கிறது, நல்லதுதான். ராஜாமணியக்காவுக்கு அது வந்து சேரவில்லை.

குப்பை வண்டிக்காரர் மணியடித்தார். ஓடிப்போய் அந்தத் தலையணையை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட வேண்டும் என்றுதான் எழுந்தேன். முழங்கால் வலி, நான் வாசலுக்கு வருவதற்குள் அதை ஏற்றிக்கொண்டு வண்டி தெருமுனை திரும்பிவிட்டது. நாலு முறை உறை மாற்றியிருப்பேன், பஞ்சு மட்டும் அதேதான். அதில் தலை வைத்து அறுபது வருஷம் தூக்கம் வராமல் புரண்டேன் என்று உங்களிடம் சொன்னால் நம்புவீர்கள். இல்லை. நன்றாகத்தான் தூங்கினேன்.