ஒன்று விட்டு ஒன்று காற்றுப் போன பாக்கெட்டுகள்

சமயநல்லூரில் மெயின் ரோட்டை ஒட்டி ஒரு கடலை மிட்டாய் கம்பெனி இருக்கிறது. மில் மெக்கானிக் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, அங்கே பேக்கிங் மெஷின் மக்கர் செய்தால் என்னைக் கூப்பிடுவார்கள். ஆயுத பூஜை முடிந்த மறுவாரம் கூப்பிட்டபோது என் முழங்கால் வீங்கியிருந்தது. போயிருக்க வேண்டாம். போனேன்.

வாசலில், கடைகளிலிருந்து திரும்பி வந்த பெட்டிகள் நாற்பத்தொன்று கிடந்தன. எண்ணாமல் ஒரு இடத்தைக் கடக்க என்னால் முடியாது. அவற்றின் நடுவே, வெயிலில், மெஷின் ஓட்டும் பெண் உட்கார்ந்து ஒவ்வொரு பாக்கெட்டாகக் கிழித்து மிட்டாயை டிரம்மில் போட்டுக்கொண்டிருந்தாள். காற்றுப் புகுந்து மிட்டாய் நமுத்து, எறும்பு மொய்த்திருந்தது. கையுறை கொடுக்கவில்லை. புறங்கை இரண்டும் தடித்துச் சிவந்திருந்தன.

“சீல் ஒழுங்கா விழல சார். சூட்டக் கொறச்சு வச்சு ஓட்டிருக்கா” என்றார் முதலாளி. என் மகன் வயதுக்காரர். “அவளே உக்காந்து கிழிக்கட்டும். எறும்பு கடிச்சாத்தான் புத்தி வரும்.”

“எறும்பு பாவம்ணே. இம்புட்டு மிட்டாயத் தின்னா அதுக்குச் சுகர் வந்துரும்” என்றான் லோடு ஏற்றுகிறவன். எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் சோழவந்தானிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்து, இங்கே பாக்கெட் அடுக்க வந்து, பார்த்துப் பார்த்தே மெஷின் ஓட்டப் பழகியவள்.

“நான் சூட்டத் தொடவே இல்ல சார்” என்றாள், தலையைத் தூக்காமல். “இன்னைக்குச் சரியாகலேன்னா நாளைக்கு வர வேணாம்னுட்டாக.”

மெஷினை ஓடவிட்டு, விழுந்த பாக்கெட்டுகளை வரிசை மாறாமல் எடுத்து வாளித் தண்ணீரில் அமுக்கினேன். முதலாவதில் குமிழி வந்தது. இரண்டாவதில் இல்லை. மூன்றாவதில் வந்தது. இருபதில் பத்து கெட்டது, ஒன்று விட்டு ஒன்று. அதுவும் எல்லாவற்றிலும் ஒரே ஓரத்தில்.

பாக்கெட்டின் ஓரத்தைச் சூட்டில் கடித்து ஒட்டுகிற, பல் வைத்த இரும்புக்கு ஜா என்று பெயர். இந்த மெஷினில் இரண்டு ஜோடி ஜா மாறி மாறிக் கடிக்கும். சூடு குறைந்திருந்தால் எல்லாப் பாக்கெட்டும் கெட்டிருக்கும். ஒன்று விட்டு ஒன்று கெடுகிறது என்றால் ஒரே ஒரு ஜாவில் ஏதோ ஒட்டியிருக்கிறது.

நிறுத்திவிட்டு, ஜாக்களைக் கையால் சுற்றிப் பார்த்தேன். ஒரு ஜாவின் ஓரத்தில், ஏழு பல் அகலத்துக்குக் கருகிய பொருக்கு. சந்தன வாசனை. விளிம்பில் குங்குமச் சிவப்பு. ஆயுத பூஜையன்று மெஷின் நின்றிருந்த நிலையில் மேலே தெரிந்த ஜாவில் முதலாளியே பொட்டு வைத்திருக்கிறார். பூஜைப் பொட்டைத் துடைக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும் என்பது அங்கே வழக்கம். அப்படியே சூடேற்றி ஓட்டியிருக்கிறார்கள்.

பொருக்கைப் பார்த்ததும், சுரண்டி எடுக்க முதலாளி இரும்பறுக்கும் ஆக்ஸா பிளேடை எடுத்தார். பல்லில் கீறல் விழுந்தால் ஜாவைத் தூக்கிப் போட வேண்டியதுதான். பிளேடைப் பிடுங்கி வைத்துவிட்டு, சூடு ஆறுமுன் பித்தளை பிரஷ்ஷால் தேய்த்தேன். தேய்த்தபடியே, கொட்டகையில் இருந்த பன்னிரண்டு பேரும் கேட்கும்படி சொன்னேன்: “சூட்டுல குறையில்ல. நீங்க வச்ச சந்தனம்தான். அந்தப் பொண்ணு மேல தப்பில்ல.”

முதலாளியின் காது சிவந்தது.

“சாமிக்கு வச்ச பொட்டக் குத்தம் சொல்றீங்களா சார்?”

“சாமியச் சொல்லல. வச்ச இடத்தச் சொல்றேன்.”

அவர் அவளை உள்ளே கூப்பிட்டார். “ஏ புள்ள, ஜாவுல பொட்டு இருந்தது தெரியுமா?”

“தெரியும்ணே. தொடைக்கவான்னு கேட்டேன். தொட்டா கைய ஒடிச்சிருவேன்னீக.”

“மெசின் ஓட்டுறது நீயா, நானா?”

“நாந்தாண்ணே.”

“அப்ப காத்துப் போறப்பவாச்சும் தொடச்சிருக்கணும்ல? அம்புட்டு அறிவு இல்லாதவளுக்கு மெசின் எதுக்கு? போ, போயி வெத்தல கிள்ளு.”

“எனக்கு ரெண்டு கவுளி வெத்தல எடுத்து வையி, வாரேன்” என்றான் லோடுக்காரன்.

அவள் தலைத்தொப்பியைக் கழற்றி மெஷின் மேல் வைத்தாள். பையை எடுத்துக்கொண்டு போகிறபோது என் பக்கத்தில் நின்றாள்.

“சூடு பத்தலன்னு சொல்லியிருந்தா, ஏசிட்டு வேலைக்கு வச்சிருப்பாரு சார். எல்லாரு முன்னாடியும் அவரப் போயிச் சொல்லிட்டீக.”

எனக்குக் கோபம்தான் வந்தது. இருந்ததைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது? அதற்குள் அவள் ரோட்டைக் கடந்துவிட்டாள்.

மறுபடி ஓட்டினோம். நாற்பது பாக்கெட் பார்த்தேன்; ஒன்றும் கெடவில்லை. முதலாளி ஒரு பாக்கெட்டைக் கைக்குள் வைத்து நெரித்தார். அது புடைத்துக்கொண்டு நின்றது. அடுக்கிக்கொண்டிருந்த பெண்களிடம் தூக்கிக் காட்டினார்.

“பாத்தீகளா? அவ போனதும், மெசின் சரியாயிருச்சு.”

எட்டுப் பேர் தலையாட்டினார்கள். அதில் ஒருத்தி, நான் பொருக்கைத் தேய்த்தபோது எனக்கு டார்ச் அடித்தவள்.