பிளைவுட்டில் வந்த கல்யாணச் செய்தி

என் ரயில் நிலைய மாடலுக்கு ஜன்னல்கள் வெட்ட, இன்று மேரு டவுனில் உள்ள, லேசரில் பலகை வெட்டும் கடைக்குப் போனேன்.

“கல்யாண ஆர்டர் ஓடுது, அண்ணே. சும்மாதானே இருக்கீங்க, இந்த டேப்ப உரிச்சுக் குடுங்கலா,” என்றார் கடைக்காரர்.

லேசர் வெட்டும்போது பிளைவுட்டில் புகைக்கறை படாமலிருக்க ஒட்டிய டேப். உரித்தேன். பலகையில் ‘யாழ்நிலா’ என்றிருந்தது. என் மகளுக்கு நான் தேடி வைத்த பெயர்.

“யார் வீட்டுக் கல்யாணம்?”

“காஜாங் ஊரு டீச்சரம்மா மக. பாவம்ணே, அப்பா செத்துட்டாராம். பொண்ணே சொல்லுச்சு.”

அந்த டீச்சரம்மா என் முன்னாள் மனைவி. விவாகரத்தின்போது அவள் சொன்ன பொய்களெல்லாம் எனக்கு இன்னும் மனப்பாடம். ஆனால் இதைச் சொன்னது மகள்.

மீதிப் பலகைகளையும் கீறல் விழாமல் உரித்துக் கொடுத்தேன்.

மகளின் கல்யாணச் செய்தி உங்களுக்கெல்லாம் எப்படி வந்தது, அப்பாக்களே? எனக்குப் பிளைவுட்டில் வந்தது.