பூட்டனின் பெயர் இருந்த இடம்

என் மகளுக்கு நர்சிங் படிப்பில் ஒதுக்கீட்டு இடம் கிடைக்க ஜாதி சர்ட்டிபிகேட் வேண்டியிருந்தது. "உங்க பூட்டன் காலத்துலயே இங்க இருந்ததுக்குப் பழைய ரேகை, பதிவுத் தாள் எதாவது காட்டணும்" என்றார்கள் வில்லேஜ் ஆபீஸில். நான் பிறந்தது இங்கே, அப்பா இறந்தது இங்கே. அதெல்லாம் போதாதாம். தமிழ்நாட்டிலிருந்து போடிமெட்டு ஏறிக் கேரளத்து வண்டன்மேட்டு ஏலத்தோட்டத்துக்கு நடந்தே வந்த பூட்டன், எங்காவது ஒரு தாளில் இருந்தாக வேண்டும்.

குடும்பக் கதை முழுக்கத் தெரிந்தவர் பெரியப்பா ஒருவர்தான். கூப்பிட்டதும் முகம் சுளிக்காமல் வந்தார். எஸ்டேட் ஆபீஸில் கேட்டோம். தோட்டம் கைமாறியதில் பழைய கணக்கெல்லாம் போய்விட்டதாம். கொட்டும் மழையில் சுடுகாட்டுப் புதர்களை விலக்கி, பெயர் வெட்டிய கல்லைத் தேடினோம். எழுத்தே இல்லாத ஒரு கல்லைத் தொட்டு, "இங்கனதான்யா புதைச்சதுன்னு எங்கப்பா சொல்லுவாரு" என்று பெரியப்பா கண்ணைத் துடைத்தார். நானும் அந்தக் கல்லைத் தொட்டுக் கும்பிட்டேன்.

கடைசித் தேதி நெருங்கிவிட்டது. "உங்க தாத்தா படிச்ச பள்ளிக்கூடத்துல கேட்டீங்களா?" என்றாள் மனைவி. பெரியப்பாவிடம் சொன்னேன். "எங்கப்பா பள்ளிக்கூட வாசலயே மிதிக்கலய்யா. வீணா அலையாத" என்றார். மனைவி விடவில்லை. அவள் நச்சரிப்புக்காகவே எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்குப் போனேன், தனியாக.

தாத்தா பெயரைச் சொன்னதுமே, ஆபீஸில் இருந்த பெண் அதிகம் தேடாமல் பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துப் பிரித்தார். தாத்தாவின் பெயர். தகப்பன் பெயர் என்ற இடத்தில் பூட்டன். தொழில், கூலி. விரலால் தொட்டுப் பார்த்தேன்.

"இத உங்க வீட்டுப் பெரியவருக்கு அப்பவே நகல் எடுத்துக் குடுத்தோமே அண்ணே. பேத்திய நர்சிங் சேர்க்கணும்னு மழைக்கு முந்தியே வாங்கிட்டுப் போனாரு."

அவர் பேத்தியும் என் மகளும் ஒரே வகுப்பு. மார்க் என் மகளுக்குத்தான் கூட; சர்ட்டிபிகேட் இருந்தால் அந்த ஒதுக்கீட்டு இடம் முதலில் அவளுக்குத்தான். மறைத்ததைக்கூட மன்னித்துத் தொலைக்கலாம். சுடுகாட்டில் எதற்கு அழுதார்? அப்படியும் ஒரு நப்பாசை, அந்தப் பெண் வேறு யாரையோ நினைத்துச் சொல்கிறாரோ என்று.

நகலோடு வெளியே வரும்போது பெரியப்பாவே போன் செய்தார்.

"என்னய்யா, ஏதும் கெடச்சுச்சா?"

"கெடச்சிருச்சு பெரியப்பா."

"ரொம்ப சந்தோசம்யா" என்றார்.

எங்கே கிடைத்தது என்று அவர் கேட்கவே இல்லை.