கொடித்தோடைப் பூவுக்குச் சாம்பல்

கருவாடு காயப்போடும் என் வாடிக் கொட்டகையின் பூவரசந் தூண்களில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டைகள் இருக்கின்றன. கருவண்டு துளைத்தவை. இவ்வளவு சம்பாதித்தவளுக்குத் தூண் மாற்றக் காசில்லையா என்று வருகிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். தலைமன்னாரில் சொந்தமாக லொறி வாங்கிய முதல் பெண் நான்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். என் கையெழுத்து நண்டு ஊர்ந்தது போலிருக்கும், ஆனால் என்னை ஏமாற்றிய வியாபாரி இன்னும் பிறக்கவில்லை. தூண் மாற்றுவது எனக்கு ஒரு வேலையா? அந்த ஓட்டையை அடைக்கிறவர் மறுநாள் என் வாடிப் பக்கம் வரத் தேவையில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

எனக்கு ஏழு வயதில் என்னைப் பெரியம்மா வீட்டில் விட்டார்கள். எங்கள் வீடு உப்புக்குளத்தில். எனக்குப் பின்னால் அம்மாவுக்கு வரிசையாகப் பிள்ளைகள். பெரியம்மாவுக்கு ஒன்றுமில்லை. பெரியவர்கள் தங்களுக்குள் பேசி ஒப்பேற்றிய காரியம் அது. பெரியம்மா வீடு தலைமன்னார் துறைக்குக் கிட்ட. ரயில் வந்து நிற்கும், கப்பல் புறப்படும், ஆட்கள் மூட்டையோடு ஓடுவார்கள். எனக்கு மட்டும் எப்படிக் கால் ஒரு இடத்தில் நிற்கும்? மத்தியானத்தில் எல்லோரும் படுத்தால் நான் மட்டும் முற்றத்துக்கும் வேலிக்கும் அலைந்துகொண்டிருப்பேன்.

அடுத்த வீட்டு முஸ்லிம் அக்காவை ராத்தா என்போம். அவருடைய புருஷன் கண்டிப் பக்கம் கருவாடு கொண்டுபோகும் வியாபாரி. அவர் ஒருமுறை கொண்டுவந்த, பாஷன் புரூட் என்கிற கொடித்தோடம்பழத்தின் விதையில் பாதியை ராத்தா தான் நட்டு, மீதியை வேலிக்கு மேலால் பெரியம்மாவிடம் கொடுத்தார். கிணற்றடியில் பந்தல் போட்டுப் பெரியம்மா வளர்த்தார். முதற்பூப்பில் நன்றாகக் காய்த்தது. அடுத்த பூப்பு தொடங்கியபோது பெரியம்மா ஒரு நேர்த்தி வைத்தார்: அந்தோனியார் திருநாளுக்கு ஒரு பனையோலைக் கடகம் நிறையப் பழம். எதற்காக என்று அவர் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டுமா? பிள்ளையில்லாதவள் வேறென்ன கேட்பாள் என்று ஊரே முடிவு செய்துவிட்டது.

நேர்த்திக்குச் சில நாள் முந்தித்தான் அப்பா ரயிலில் வந்திருந்தார். அம்மாவுக்குச் சுகமில்லை, சின்னதுகளைப் பார்க்க ஆள் வேண்டும், திருநாள் முடிய என்னைக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். நான் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டேன். பழம் பழுத்தால் பெரியம்மாவுக்குப் பிள்ளை வரும். பிள்ளை வந்தால் எனக்கு இங்கே என்ன வேலை? அதனால்தான் அனுப்புகிறார்கள். எனக்கு ரயில் வேண்டும், கப்பல் வேண்டும், பெரியம்மா கையால் சோறு வேண்டும். அன்றிலிருந்து உட்கார்ந்தால் எழும்பத் தோன்றும், எழும்பினால் ஓடத் தோன்றும்.

இதற்கிடையில் பெரியப்பாவின் சோற்றில் விட்ட சொதிக்குள் மரத்தூள் விழுந்தது. அண்ணாந்து பார்த்தால் கூரை வளையில் ஓட்டை, தூணில் ஓட்டை, பந்தற்காலிலும் ஓட்டை. கருவண்டுகள் குடியிருந்தன. பெரியப்பா வள்ளம் பழுதுபார்க்கிறவர். பலகை இடுக்கில் பஞ்சும் தார் போன்ற கீலும் வைத்து அடித்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வராது.

"ஊருக்கெல்லாம் ஓட்டை அடைக்கிறவன்ர வீட்டுத் தூணிலயே ஓட்டையோ?" என்று குதித்தார்.

"இஞ்சருங்கோ, அதுகள் என்ன செய்யுதுகள்? விடுங்கோவன்," என்றார் பெரியம்மா.

"விட்டால் நாளைக்குக் கூரை உன்ர தலையில."

வண்டுகள் அடையும், இருள் கவியும் மைம்மல் பொழுது பார்த்து, ஒவ்வொரு ஓட்டையாகப் பஞ்சை அடித்துக் கீலைப் பூசினார். வள்ளத்துக்குச் செய்த அதே கவனம். நான் தூணில் காதை வைத்தேன். தூரத்தில் ரயில் வருவது போல உள்ளே ஒரு இரைச்சல். மறுநாள் வைத்தபோது அது இல்லை.

அதற்குப் பிறகு பூ மத்தியானத்தில் விரியும், மறுநாள் வாடித் தரையில் கிடக்கும். பெரியம்மா விடியற்காலையில் குனிந்து அவற்றைப் பொறுக்குவார்.  ராத்தாவின் கொடியிலும் அதே கதைதான். தேனீக்கள் வந்து தேனைக் குடித்துவிட்டுப் போயின. பூ பெரிது, அவை சிறிது. முதுகில் பொடியைத் தேய்த்துக்கொண்டு உருண்டு போக அந்தப் பருத்த வண்டுதான் வேண்டும் என்பது அப்போது எங்கள் ஒருவருக்கும் தெரியாது.

தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் வந்தது. கோயிலில் சாமியார் லத்தீனில் முணுமுணுத்து எல்லோர் நெற்றியிலும் சாம்பலால் சிலுவை போட்டார். எனக்கு அந்த வேலை மிகவும் பிடித்துவிட்டது. வரிசையில் நிற்பது அல்ல, போடுவது. அன்று மத்தியானமே தொடங்கிவிட்டேன். பெரியம்மாவின் பூவைப் பிய்த்தால் அடி விழும். அதனால் வேலியில் நுழைந்து ராத்தாவின் பூக்களிலிருந்து மஞ்சள் பொடியைச் சிரட்டையில் தட்டிக்கொண்டு வருவேன். அதுதான் சாம்பல். கொடித்தோடைப் பூவின் நடுவில் ஆணி போல மூன்று தலை நீட்டிக்கொண்டு நிற்கும். அவைதான் சபை. லத்தீன் மாதிரி ஏதோ உளறிக்கொண்டு மூன்று தலைக்கும் விரலால் பூசுவேன். கை எட்டிய பூவுக்கெல்லாம் பூசினேன். எட்டாததுகள் பாவத்திலேயே கிடக்கட்டும் என்று விட்டேன். நாள்தோறும் இதே வேலை.

ஒருநாள் பெரியப்பா பிடித்துவிட்டார்.

"உனக்கு ஆரடி குருப்பட்டம் குடுத்தது? பெட்டைக்குச் சாம்பல் பூசிற வேலையோ?"

காதைத் திருகினார். பெரியம்மா ஓடிவந்து சிரட்டையைப் பார்த்தார், என் மஞ்சள் விரலைப் பார்த்தார், சிரித்துவிட்டார். "விடுங்கோ. பூசட்டும். பூவுக்கும் தவக்காலம்தானே."

பிறகு பார்த்தால் தாழ்வான பூக்கள் உதிரவில்லை. பச்சை மணிகள் போலக் காய் பிடித்தது. பெரியப்பா அது தான் புதைத்த மீன்குடலின் பலன் என்றார். பெரியம்மா அந்தோனியார் என்றார். ராத்தா வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்தார்.

"உங்கட அந்தோனியார் வேலிக்கு இந்தப் பக்கம் பாக்க மாட்டாரோ? என்ர கொடி மொட்டையாக் கிடக்கு."

"நான் கேட்டுப் பாக்கிறன் ராத்தா," என்றார் பெரியம்மா.

பழத்தோட்டம் போடச் சொல்லிக்கொடுக்கும் விவசாயக் கந்தோர் அதிகாரி, ஒரு தம்பி, நாற்பது வருடத்துக்குப் பிறகு எனக்குச் சொன்னார், ஒரு கொடியின் பூவுக்கு மற்றக் கொடியின் பொடி வந்து சேர்ந்தால்தான் இது ஒழுங்காய்க் காய்க்கும் என்று. வண்டின் வேலையை வண்டே இல்லாமல் செய்தவள் நான் என்றேன். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நம்பினாரோ தெரியாது.

ஆனால் அன்று எனக்குப் பெருமை எதுவுமில்லை, பயம்தான். காய் பருக்கப் பருக்க அதுவும் பருத்தது. ஒரு மத்தியானம் பந்தலுக்குக் கீழே போய் நின்று, ஒரு காயைக் கையில் பிடித்தேன். ஒரு திருகல் போதும். ஒவ்வொன்றாய்த் திருகினால் நேர்த்தி இல்லை, பிள்ளை இல்லை, நான் போகத் தேவையில்லை.  கிணற்றடியில் பெரியம்மா வாளியோடு நின்றது அப்போதுதான் தெரிந்தது.  என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய முகம் போன போக்கைப் பார்த்துக் காயை விட்டுவிட்டு ஓடினேன். கடற்கரை வரைக்கும் ஓடினேன்.

திருநாளுக்குக் கடகம் நிறைந்தது. பூசை முடிய நேர்த்திப் பழங்களைக் கோயில் முற்றத்தில் ஏலம் கூறினார்கள். பெரியம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முழங்காலில் நெடுநேரம் இருந்தார். நான் அவர் பக்கத்தில் நின்று நெளிந்தேன்.

பிறகு அப்பா வந்தார். உள்ளே பேச்சு நடந்தது. நான் முற்றத்தில் சுற்றிச் சுற்றி வந்தேன். பெரியம்மாவின் குரல் ஒருதடவை உயர்ந்தது, பிறகு கேட்கவில்லை. அப்பா வெளியே வந்து என் தலையைத் தடவினார்.

"அம்மாவுக்கு இப்ப சுகம். பெரியம்மாவுக்குத் தொந்தரவு குடுக்காம இரு, என்ன?"

அவர் தனியாகவே ரயிலேறினார்.

மாதங்கள் போயின. தொட்டில் வரவில்லை. எனக்கு அந்தோனியாரில் கோபம் வந்தது. கடகம் நிறைய வாங்கிக்கொண்டு பெரியம்மாவை ஏமாற்றிவிட்டாரே! ஒருநாள் பெரியம்மா எனக்குத் தலை இழுத்துப் பின்னிக்கொண்டிருந்தபோது கேட்டே விட்டேன்.

"பெரியம்மா, அவர் உங்களுக்கு ஒண்டும் தரேல்லையே?"

சீப்பு நின்றது. பிறகு பின்னலை இன்னும் இறுக்கினார்.

"தந்தவர்தான்," என்றார். "தந்தது ஒரு இடத்தில இருக்குதில்லை. அதுதான் எனக்குக் கரைச்சல்."

நான் திமிறித் திரும்பி அறைக்குள் எட்டிப்பார்த்தேன். அங்கே யாருமே இருக்கவில்லை.