நாலாவது பாட்டு

மடிப்புக் கோட்டின் மேல் எவர்சில்வர் கரண்டியின் காம்பு ஒருமுறை லேசாக ஓடியது. இரண்டாம் முறை அழுத்தி ஓடியது. பிறகு வலது கை அட்டையைப் புரட்டிப் போட்டது. இடது கையின் கட்டைவிரல் மூலையைப் பிடித்துக்கொள்ள, ஓரத்து நாக்குகள் இரண்டிலும் பசை ஏறியது. மேல்பாதி வந்து படிந்தது. மூலையோடு மூலை சேர்ந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்த பிறகுதான் அந்தக் கைகள் அதைப் பலகைக்கு அடியில் கொடுத்தன. ஒரு அரிசி கனத்துக்கு ஏறி இறங்கியிருந்தாலும் பிரித்து மறுபடி ஒட்டும் கைகள்.

நீலாம்பாளுக்கு இதை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. குடவாசல் பக்கத்துக் கிராமத்திலிருந்து தஞ்சாவூருக்கு, ஸ்கிரீன் பிரிண்டிங் கடை வைத்திருந்த ரெத்தினத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். கல்யாணப் பத்திரிகை மடிப்பதில் தொடங்கி, தாம்பூலப் பை, மிட்டாய்ப் பெட்டி என்று கெடுத்துக் கெடுத்தே கற்றுக்கொண்டாள். இசைத்தட்டு உறை இதுதான் முதல் தடவை. பழைய தட்டு ஒன்றின் உறையை ஆவி காட்டிப் பிரித்து, அளவெடுத்து, நாலு நாள் வெள்ளை அட்டையில் பழகிவிட்டுத்தான் அச்சடித்ததைத் தொட்டாள்.

பாட்டுக்காரன் பரிதி. தஞ்சாவூர்ப் பையன்தான். கிட்டார், மௌத் ஆர்கன், டிரம்ஸ் வைத்துக்கொண்டு வயல், டிராக்டர், கடன் வாங்கி வெளிநாடு போனவன் என்று தானே எழுதித் தானே பாடுவான். கன்ட்ரி ராக் என்று பேராம். ரெத்தினம் அதை மாட்டுக்காரன் கச்சேரி என்பார். முதல் ஆல்பம் போனில் மட்டும் வந்தது. அதிலிருந்த அறுப்புப் பாட்டு ஒன்று குடவாசல் தாலுக்கா முழுக்க டிராக்டர்களில் ஓடியது. இரண்டாவதை இசைத்தட்டாகவும் போடுகிறான். முந்நூறு பிரதி. தட்டுகள் வெளியூரில் தயாராகி வந்துவிட்டன. உறையும், பாட்டு வரிகள் போட்ட தாளும் இவர்கள் பொறுப்பு. வருகிற வெள்ளிக்கிழமை வெளியீடு. அன்றைக்கே போனிலும் வந்துவிடும்.

உறையில் பரிதி டிராக்டர் மேல் உட்கார்ந்து கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தான்.

"சேத்துல வண்டிய நிறுத்திட்டு வாசிக்கிறான் பாரு. டீசலு இவன் மாமனாரு ஊத்துவாரா?" என்று முதல் நாள் ரெத்தினம் கேட்டதற்கு அவள் வாய்விட்டுச் சிரித்திருந்தாள்.

உறைகளில் பாதி முடிந்திருந்தது. பாட்டுத் தாள்களை உள்ளே செருகிவிடலாம் என்று தாள்கட்டை இழுத்தாள். எல்லாத் தாள்களும் எழுத்துப் பக்கம் கீழே பார்க்கக் கிடந்தன. ரெத்தினம் எதையும் அப்படி அடுக்க மாட்டார். மை ஒட்டியிருக்குமோ என்று ஒரு தாளைத் திருப்பினாள். நடுவில் ஒரு தீற்றல் தெரிந்தது. கண்ணருகில் கொண்டுபோனாள். மடிப்பதைப் படிக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. தீற்றலைத்தான் பார்த்தாள். அது நாலாவது பாட்டின் மேல் இருந்தது.

*தலைமடைக்காரன் தங்கச்சி சொன்னா*
*வேண்டாமுன்னு நீயே சொல்லு*
*ரெண்டு ரூவா காசு போட்டு*
*ரெண்டு நிமிசம் பேசினா*
*சொன்னேன் நான், பத்தொம்பது வருசம்*
*என் வயலுக்குத் தண்ணி கடைசி*

இன்னொரு முறை படித்தாள்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் தமிழ்மாறன் என்பவனோடு அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. தாலி கட்டிய இருபதாம் நாள் அவன் சிங்கப்பூர் போகிறான், அவள் மாமியார் வீட்டில் இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. முன்பின் தெரியாத வீட்டில், புருஷன் இல்லாமல், இரண்டு வருஷம். வீட்டில் சொல்லிப் பார்த்தாள். எல்லாப் பெண்ணும் இருக்கலையா என்றார்கள். கல்யாணத்துக்கு நாலு நாளைக்கு முன், குடவாசல் பஸ் ஸ்டாண்டில் ஒரு ரூபாய் போன் பெட்டியிலிருந்து தமிழ்மாறனைக் கூப்பிட்டாள். எனக்கு வேண்டாம், ஆனா நான் சொன்னா எங்கப்பா தாங்க மாட்டாரு, நீங்களே வேண்டாம்னு சொல்லிடுங்க என்றாள். அவள் இரண்டாவது காசைப் போட்ட பிறகு, "சரி, நான் பாத்துக்கறேன்" என்றான்.

பெண் பிடிக்கவில்லை என்று அவன் வீட்டிலிருந்து சொல்லியனுப்பினார்கள். அப்பா அந்த அவமானத்திலேயே படுத்து, மறு வருஷம் போய்ச் சேர்ந்தார். அண்ணன் இராஜாங்கம் விடவில்லை. அண்ணன் வயல் தலைமடை, வாய்க்கால் தண்ணீர் முதலில் பாயும் இடம். அதே வாய்க்காலின் கடைசியில் தமிழ்மாறன் வயல். தன் வயல் நிறைந்து வழிந்த பிறகும் அண்ணன் வாய்க்காலை அடைக்கும் மடைப்பலகையை எடுக்க மாட்டார். ஊரில் யார் பேசியும் கேட்கவில்லை. சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்து விவசாயம் பார்க்கும் தமிழ்மாறன், பயிர் காய்ந்த வருஷத்தில்கூட வாயைத் திறந்ததில்லை.

இதை அவள் சொன்னது ஒரே ஒருவரிடம். அப்பாவின் திவசத்தன்று, அழுகை தாங்காமல், ரெத்தினத்திடம்.

பின்கட்டில் அவர் அச்சுச் சட்டத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். தாளோடு போய் நின்றாள்.

"இத நீங்கதானே அச்சு ஓட்டுனீங்க?"

"ஆமா."

"படிச்சிட்டா ஓட்டுனீங்க?"

அவர் குழாயை மூடவில்லை. "நீ படிக்க மாட்டேன்னு நெனச்சேன்."

தெரியாது என்று சொல்லியிருந்தால்கூட ஒரு பொய்யோடு போயிருக்கும்.

"எப்ப சொன்னீங்க அவன்ட்ட?"

"ஆறு மாசத்துக்கு முன்னாடி, போஸ்டர் அடிக்க வந்த அன்னைக்கு. மை காயிற வரைக்கும் டீ குடிச்சிட்டிருந்தோம். ஊருல நடந்த கதை எதாவது சொல்லுங்கண்ணேன்னான். பேச்சுவாக்குல வந்துடுச்சு நீலா. ஆளுங்க பேரெல்லாம் சொல்லல."

"ஒரு டீக்கா, ரெண்டு டீக்கா?"

அவர் கழுவி முடித்த சட்டத்தையே மறுபடி கழுவினார்.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்து அடுத்த அட்டையை எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் ரெத்தினம் வந்து நின்று, "நீ எந்திரி, மிச்சத்த நான் ஒட்டுறேன்" என்றார்.

"நீங்க ஒட்டுனா மூலை சேராது."

இரண்டு நாளில் அவள் முந்நூறையும் முடித்தாள். புதன்கிழமை காலை பரிதி கார் கொண்டுவந்தான். ஒரு உறையை எடுத்துத் தட்டைச் செருகிப் பார்த்து, விளிம்பைத் தடவிக்கொண்டே, "அக்கா, வெளிநாட்டுத் தட்டுகூட இவ்வளவு சுத்தமா இருக்காது" என்றான்.

"நாலாவது பாட்டு யாருது தம்பி?"

"நான் எழுதினதுதாங்க்கா." சொல்லிவிட்டு ரெத்தினத்தைப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்தார். "அக்கா... ஊர் பேர மாத்திட்டேன்க்கா."

"ஊர் பேர மாத்துனீங்க. வாய்க்கால மாத்தலையே. தலைமடைக்காரன் தங்கச்சி கல்யாணம் நின்னுபோயி, கடைமடைக்குத் தண்ணி விடாத வாய்க்கால் அந்தப் பக்கத்துல எத்தன இருக்கு? டிராக்டருல உங்க பாட்டு ஓடுதுல்ல? எங்க அண்ணன் வயல உழுவுறதும் அந்த டிராக்டருதான்."

பரிதி உதட்டைக் கடித்துக்கொண்டான். "தாளப் போடாம விட்டுடவாக்கா?"

"தட்டு பாடுமே."

"இந்த ஆல்பத்துலயே அதுதான்க்கா உசுரு. கேட்ட எல்லாரும் அழுதுட்டாங்க."

"அழுவட்டும். அவங்களுக்குப் போறதுக்கு ஒரு அண்ணன் வீடு இருக்கும்."

அப்பா அம்மா இல்லாதவளுக்குப் பிறந்த வீடு என்று இருந்தது அது ஒன்றுதான். பொங்கலுக்கு வரிசை வருவதும், போனால் ஒரு வாய்ச் சோறும் அங்கேதான். வெள்ளிக்கிழமை ஏதோ ஒரு டீக்கடையில் யாரோ பல்லைக் காட்டிக்கொண்டு சொல்லித்தான் அண்ணனுக்குத் தெரியவரும். அதற்கு முன்னால் இரண்டு நாள் இருந்தது.

அடுக்கின் மேலிருந்த முதல் உறையை எடுத்தாள். தட்டு உள்ளே இருந்தது. தாளையும் செருகினாள். ரெத்தினம் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

"நானும் வரேன்."

"எதுக்கு? வழியில யாருட்டயாவது சொல்றதுக்கா?"

கும்பகோணம் பஸ்ஸில் உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தாராசுரத்தில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள், "சாமி படமா?" என்று கேட்டாள். பாட்டுத் தட்டு என்றாள். இந்தக் காலத்துலயா என்று அந்த அம்மாள் வியந்தாள். நீலாம்பாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கட்டிக்கொள்ளாதவன் பத்தொன்பது வருஷம் பயிரைக் காயவிட்டுக் காப்பாற்றியதை, கட்டிக்கொண்டவர் டீ ஆறுவதற்குள் கொடுத்துவிட்டார். கும்பகோணத்தில் இறங்கிக் குடவாசல் பஸ் ஏறும்போதும், அங்கிருந்து மினி பஸ்ஸிலும், இதைத் தாண்டி அவள் மனசு வேறெங்கும் போகவில்லை.

ஆனி மாதம். வாய்க்காலில் தண்ணீர் வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. இராஜாங்கம் வரப்பில் மண்வெட்டியோடு நின்றார். வாய்க்காலின் குறுக்கே பலகை போட்டு, சந்துக்குச் சாக்கு அடைத்து, மேலே சேறு பூசியிருந்தது. பலகைக்கு அந்தப் பக்கம் வாய்க்கால் வெறும் ஈரம்.

"என்னம்மா, சொல்லாம கொள்ளாம? மாப்பிள்ள வரல?"

"வரல."

"மொகம் ஏன் இப்படி இருக்கு? வீட்டுக்குப் போ, அண்ணி சோறு வடிச்சிருப்பா. நான் பின்னாடியே வரேன்."

"சோறு அப்பறம் அண்ணே. கையக் கழுவுங்க."

"என்ன அது, கேலண்டரா?"

"நான் ஒட்டுனது. உள்ள ஒரு தாளு இருக்கு. அதுல நாலாவதா ஒரு பாட்டு. அதுல வர்ற தங்கச்சி நான்தான் அண்ணே. அதுல இருக்கிறது அத்தனையும் நெசம். படிச்சிட்டு என்ன சொல்றதா இருந்தாலும் சொல்லுங்க, நான் எங்கயும் போகல."

இராஜாங்கம் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு மண்வெட்டியை வரப்பில் சாய்த்துவிட்டு, குனிந்து வாய்க்காலில் கையைக் கழுவி, தோள் துண்டில் துடைத்துக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டினார். அவள் கொடுத்தாள்.